விளாவை இனி நாம்தான் நட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் மாலை வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் எருக்கம்பூ மாலையும் அருகம்புல்லும் வாங்கிய பிறகு, படையலுக்கு வைக்க ஒரு விளாம்பழம் கேட்டேன். சாக்கு விரித்துப் பழங்களைக் கூறு வைத்திருந்த அம்மா, ஒன்று 40 ரூபாய் என்றார். வாங்கிக்கொண்டு, எந்த ஊர்ப் பழம் என்று பேச்சுக்குக் கேட்டேன். சித்தூருக்கு அந்தப் பக்கமிருந்து மூட்டையில் வந்தது என்றவர், "நம்ம பக்கத்துல விளா மரம் எங்க சார் இருக்குது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். திமிரிக்கு அருகே விளாப்பாக்கம் என்று ஒரு பேரூரே இருக்கும் வட்டாரத்தில், பழம் விற்பவர் ஒருவர் கேட்ட அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதுவே இந்தக் கடிதத்துக்குக் காரணம். வீட்டைச் சுற்றிக் கொஞ்சமேனும் மண் வைத்திருக்கும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட வாசகர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகச் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

நான் குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்து, அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது காட்பாடியில் வசிப்பவன். எங்கள் ஊர் ஏரிக்கரையில் மூன்று விளா மரங்களும், களத்துமேட்டின் ஓரத்தில் ஒன்றும் இருந்தன. பள்ளி விட்டு வரும் வழியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைக் கல்லில் தட்டி உடைத்து, வெல்லம் கிடைத்த நாளில் வெல்லத்தோடும், கிடைக்காத நாளில் உப்போடும் தின்றிருக்கிறோம். அந்த மரங்களை யார் நட்டார்கள் என்று என் பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன். "விளாவை எவனாவது நடுவானா? அது தானா வர்றது" என்றார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்தப் பதிலுக்குள் இருந்த ஆபத்து எனக்குப் புரிந்தது.

மாவுக்கும் தென்னைக்கும் நடுபவர்கள் எப்போதும் இருந்தார்கள். ராணிப்பேட்டையை ஒட்டிய நவ்லாக் என்ற இடத்துக்கு அந்தப் பெயர் வந்ததே, நவாபு காலத்தில் அங்கே 9 லட்சம் மரங்கள் வைத்ததால்தான் என்று சொல்வார்கள். விளாவுக்கு அப்படி எந்த நவாபும் வாய்க்கவில்லை. மாடு மேய்த்த பிள்ளைகள் தின்று துப்பிய விதையும், குரங்கு கொண்டுபோய்ப் போட்ட விதையும், காட்டோரங்களில் யானையின் இலத்தியோடு விழுந்த விதையும் ஏரிக்கரையிலும் வரப்பிலும் புறம்போக்கிலும் முளைத்தன. முளைத்ததை யாரும் பிடுங்காமல் விட்டார்கள். அவ்வளவே இந்த மரத்துக்கு மனிதன் செய்த உதவி. இன்று வரப்புகள் இருந்த இடத்தில் மனைக் கற்கள் நிற்கின்றன. ஏரிக்கரைகள் சாலைக்காக அகலப்படுத்தப்பட்டுவிட்டன. மிச்சமிருந்த புறம்போக்கைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. தானாக முளைக்கும் மரத்துக்கு முளைக்க இடமில்லாமல் போய்விட்டது. நட்டுப் பழக்கமில்லாத மரம் என்பதால் அது குறைவதும் யார் கண்ணிலும் படவில்லை. எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருந்த மூன்றில் இப்போது ஒன்றுதான் நிற்கிறது. இனி அது வளர்வதற்கு எஞ்சியிருக்கும் இடம் நம் வீட்டுக் கொல்லையும் வாசலும்தான் என்பதே நான் சொல்ல வந்தது.

நாட்டு மரம் என்ற சொல்லை நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். நாட்டுக் கொய்யா என்கிறோம். கொய்யா அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சப்போட்டாவும் பப்பாளியும் அப்படியே. பருவத்தில் மலையிலிருந்து கூடை கூடையாக இறங்கும் சீத்தாவும், பிள்ளைகள் தொரட்டியால் பறித்துத் தின்னும் கொடுக்காப்புளியும்கூடக் கடல் கடந்து வந்தவையே. அவற்றைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. என் வீட்டிலும் ஒரு சீத்தா இருக்கிறது. ஆனால் இந்த மண்ணிலும் இலங்கையிலும் இயல்பாகத் தோன்றி, இந்த வெயிலையும் இந்தச் சரளை நிலத்தையும் பிறவியிலேயே அறிந்த பழமரங்கள் நமக்கு இருக்கின்றன. விளா, வில்வம், நாவல், நெல்லி, பாலை, இலந்தை, களா, நறுவிலி என்று அவற்றை எண்ணிச் சொல்லவே நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பிள்ளையாரைப் போற்றும் சுலோகத்தில் வரும் கபித்தமும் ஜம்புவும் விளாவும் நாவலும்தான் என்று என் பேத்திக்குச் சொன்னபோது, தினமும் சொல்லும் சுலோகத்துக்குள் பழம் இருப்பது அவளுக்கு வியப்பாக இருந்தது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வெளியூர்க்காரர்கள் அடுக்குவார்கள். 1981இல் ஜலகண்டேசுவரர் கோட்டைக் கோயிலுக்குள் மீண்டும் எழுந்தருளியபோது அந்த அடுக்கில் ஒன்று பொய்யானது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்கள், சில நாட்களுக்காவது இன்னொன்றும் பொய்யானதைக் கண்டார்கள். மரம் இல்லாத மலை என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் ஊருக்குள் திருப்பி விடுவதால், சித்திரை, வைகாசியில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பகலுக்குப் பின் இரவிலும் நமக்கு ஆறுதல் இல்லை. மலைக்கு மரம் வைப்பது அரசின் வேலையாக இருக்கலாம். மலையடிவாரத்து வீடுகளுக்கு மரம் வைப்பது நம் வேலை.

என் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1997இல் காட்பாடியில் 40க்கு 60 அடி மனையில் வீடு கட்டிக் குடிவந்தோம். அடுத்த ஆடியில் ஒரு நாற்றுப் பண்ணையில் விளங்கன்று என்று கேட்டு வாங்கி வந்து நட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, கிராமத்திலிருந்து வந்த என் பெரியப்பா அதன் இலையைப் பார்த்தவுடன், "இது வில்வம்டா" என்றார். கன்றாக இருக்கும்போது இரண்டும் முள்ளோடு ஒன்றுபோலத் தோன்றுவதால் இந்தத் தவறு பலருக்கும் நேர்கிறது. ஆகவே வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: வில்வத்துக்கு ஒரு காம்பில் மூன்று இலைகள், விளாவுக்கு ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள், இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்து நுனியில் ஒன்றோடு முடியும். இலையைக் கசக்கி முகர்ந்தால் சோம்பின் வாசனை வரும். இந்த வாசனையை ஒருமுறை அறிந்தவர் பிறகு ஏமாற மாட்டார். அந்த வில்வத்தை வெட்ட மனம் வராமல், வேர் மண்ணோடு பெயர்த்துத் தெருக்கோடியில் உள்ள சிவன் கோயிலில் வைத்தேன். வில்வநாதேசுவரர் குடிகொண்ட திருவல்லத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வில்வத்தை எப்படி வெட்டுவது? அது அங்கே நன்றாகத் தழைத்துவிட்டது.

பிறகு எங்கள் ஊர் ஏரிக்கரை மரத்தின் பழத்திலிருந்தே விதை எடுத்தேன். சதை போகக் கழுவி, காயப்போட்டு நாளாக்காமல் உடனே விதைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கிறது. அப்படி வந்த கன்றை 2000ஆம் ஆண்டு ஆடி மாதம் வாசலின் வடமேற்கு மூலையில் நட்டேன். முதல் பழம் 2012இல் கிடைத்தது. இந்தக் கணக்கை நான் மறைக்க விரும்பவில்லை. விதைக் கன்று காய்க்கப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் ஒட்டுக் கன்றைத் தேட வேண்டும். ஆம்பூரில் இருக்கும் என் தம்பி சென்னைக்கு அருகிலிருந்து ஓர் ஒட்டுக் கன்று வாங்கி வந்து வைத்தான். அது ஐந்தாம் ஆண்டே காய்த்தது. ஆனால் காய்க்காத அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் என் மரம் சும்மா இருந்துவிடவில்லை. ஆறாம் ஆண்டிலேயே வாசல் திண்ணைக்கு மேற்கு வெயிலை மறைத்தது. ஒவ்வொரு தளிர்ப்பிலும் வண்ணத்துப்பூச்சிகள் வந்து முட்டையிட்டன. எலுமிச்சையில் வரும் அதே புழுதான் விளாவுக்கும் வரும். சிறியதாக இருக்கும்போது பறவை எச்சம்போல் கிடந்து, வளர்ந்தபின் பச்சையாகி, இளங்கன்றின் தளிரை ஒரே நாளில் மொட்டையடித்துவிடும். பதறிப்போய் மருந்து அடிக்க வேண்டாம். கன்று முழங்கால் உயரம்கூட இல்லை என்றால் புழுவைக் குச்சியால் எடுத்துப் பக்கத்தில் உள்ள எலுமிச்சையிலோ கறிவேப்பிலையிலோ விட்டுவிடலாம். ஆள் உயரம் வந்த மரம் மீண்டும் தளிர்த்துக்கொள்ளும்.

பழம் பழுத்ததா என்று அறிய எங்கள் ஊரில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஓர் அடி உயரத்திலிருந்து தரையில் போட்டால், காய் பந்துபோல் துள்ளும். பழம் துள்ளாமல் பொத்தென்று உட்காரும். உள்ளே சதை ஓட்டைவிட்டுக் கழன்றுவிட்டால் ஆட்டும்போது ஓசை கேட்கும். சதுர்த்திக்குச் சந்தையில் வருபவை பெரும்பாலும் அவசரத்துக்குப் பறித்த காய்களே. நன்றாக முற்றி மணக்கும் பழம் ஐப்பசிக்குப் பிறகே வரத் தொடங்கி மாசி வரை இருக்கும். முற்றியதைப் பறித்து வைக்கோலில் இரண்டு வாரம் போட்டு வைத்தாலும் பழுத்துவிடும். காயில் பச்சடியும் துவையலும் செய்கிறோம். பழத்தை வெல்லம் சேர்த்துப் பிசைந்து ஏலக்காய் போட்டு வைத்தால் வீட்டில் ஒரு பொழுதுக்குமேல் தாங்குவதில்லை. சென்ற பருவத்தில் எண்ணியவரை 160 பழங்கள் கிடைத்தன. ஓர் ஆண்டு மட்டும் ஓடு கெட்டியாக இருக்க, உள்ளே ஒன்றுமில்லாமல் கருகிய தூளாக இருந்தது. உற்றுப் பார்த்தால் காம்பருகே ஊசி நுழையும் அளவு துளை, புழு தின்றுவிட்டிருந்தது. வேழம் உண்ட விளங்கனி என்று முன்னோர் சொன்னதில் வேழம் என்பது யானை அன்று, விளாவுக்கு வரும் ஒரு நோயே என்று விளக்குபவர்கள் உண்டு. அந்தப் பழத்தைக் கையில் வைத்திருந்தபோது அந்த விளக்கமே சரி என்று எனக்குப்பட்டது. விழுந்த சொத்தைப் பழங்களைப் பொறுக்கி எரித்துவிட்டேன். அடுத்த ஆண்டு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

இனி நடும் முறை. வீட்டுச் சுவரிலிருந்து 12 அடியாவது தள்ளி நட வேண்டும்; ஒட்டுக் கன்றாக இருந்து, ஆண்டுதோறும் கவாத்து செய்ய உங்களுக்குக் கை இருந்தால் 8 அடி போதும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்று அடியாகக் குழி எடுங்கள். வேலூரின் புதிய மனைகளில் குழி தோண்டினால் முதலில் வருவது மண் அன்று; கட்டட வேலையில் கொட்டி மூடிய சிமெண்டுக் கட்டியும் செங்கல் துண்டும் ஜல்லியும்தான். அவற்றை முழுமையாக அள்ளி எறியாமல் நடப்படும் கன்று இரண்டு கோடை தாங்காது என்பதை எங்கள் தெருவிலேயே பலமுறை பார்த்துவிட்டேன். செம்மண்ணும் ஏரி வண்டலும் மக்கிய தொழுவுரமும் கலந்து, ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு சேர்த்துக் குழியை நிரப்பினால் போதும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் ஓரளவு நன்றாகவே கிடைப்பதால், ஆடியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் வேர் பிடித்துவிடும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் இருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அடியில் சருகு மூடாக்கு இடுங்கள். அதற்குப் பிறகு நான் என் மரத்துக்குத் தனியாகத் தண்ணீர் விட்டதே இல்லை. 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது, மாடித் தண்ணீர் இறங்கும் குழியை மரத்திலிருந்து ஆறடி தள்ளி அமைத்தேன். தற்செயலாகச் செய்த அந்த ஒரு காரியம் மரத்துக்கும் கிணற்றுக்கும் சேர்ந்தே உதவியது.

முள் மரம் வீட்டுக்கு ஆகாது என்று எனக்கும் சொன்னார்கள். சொன்னவர் மீது மரியாதை உண்டு. ஆனால் வேல மரங்கள் சூழ்ந்திருந்ததால்தான் வேலூருக்கு இந்தப் பெயர் வந்தது என்று கூறும் ஊரில், முள் மரத்தை வாசலில் வைக்க நாம் அஞ்ச வேண்டியதில்லை. தலை உயரம் வரை உள்ள கிளைகளைக் கழித்துவிட்டால் முள் யாரையும் தொடாது. வேர் சுவரைப் பிளந்துவிடும் என்ற அச்சம் ஆலுக்கும் அரசுக்கும் பொருந்தும். தக்க தூரத்தில் வைத்த விளாவால் என் சுற்றுச்சுவரில் இதுவரை ஒரு விரிசலும் இல்லை. உண்மையாகவே எச்சரிக்கை வேண்டியது ஒன்றில்தான்: பழத்தின் ஓடு மரக்கட்டைபோல் இருப்பதால், அது விழும் இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது, குழந்தைகளை விளையாட விடக் கூடாது. முற்றத் தொடங்கியதும் வாரம் ஒருமுறை தொரட்டி கொண்டு பறித்துவிட்டால் இந்தக் கவலையும் நீங்கும். 30க்கு 40 அடி மனையில் மூன்று பக்கமும் மதில் வரை கட்டிவிட்டவர்களுக்கு விளாவை நான் சொல்ல மாட்டேன். அவர்கள் வேலி ஓரமாகக் களா வைக்கலாம். உயரமில்லாத மரம், ஊறுகாய்க்குக் காயும் கிடைக்கும். நெல்லி வைப்பவர்கள் ஒன்றாக வைக்காமல் இரண்டு வைக்க வேண்டும். தன் மகரந்தத்தால் அது சரிவரக் காய்க்காது. நாவலுக்கு மிகப் பெரிய இடம் வேண்டும். பாலை மரத்தைப் பலர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வீட்டுச் சப்போட்டா ஒட்டுக் கன்றாக இருந்தால், பெரும்பாலும் அது நிற்பதே பாலையின் வேரில்தான்.

அரசுக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழகம் இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவதை இலக்காகக் கொண்டது. அந்த இலக்குக்கான கன்றுகளில் விளாவுக்கும் நம் மற்றப் பழமரங்களுக்கும் கணிசமான பங்கு வேண்டும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையமும் தோட்டக்கலைத் துறைப் பண்ணைகளும், நன்கு காய்க்கும் உள்ளூர் மரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் குச்சியிலிருந்தே ஒட்டுக் கன்றுகள் கட்டி, பெயர்ச் சீட்டோடு நியாயமான விலைக்குத் தர வேண்டும். விளாவில் மரத்துக்கு மரம் சுவை மாறுகிறது. புளிப்பே இல்லாத மரங்களும், வாய் கூசும் மரங்களும் உண்டு. நல்ல சுவையுள்ள கிழ மரங்கள் இன்னும் நிற்கும்போதே குச்சி எடுத்தால்தான் அந்தச் சுவை மிஞ்சும். அவை விழுந்துவிட்டால் பிறகு எந்தத் திட்டத்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது. வேலூர் முள் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்குக் காரணம், இலவம்பாடி விவசாயிகள் தங்கள் விதையை விடாமல் காத்து வந்ததுதான். அதுபோல் பெரிய மனைப்பிரிவுகளில் பொதுவுக்காக ஒதுக்கும் 10 சதவீத நிலத்தில், அலங்காரச் செடிகளுக்கு நடுவே நான்கு நாட்டுப் பழமரங்களாவது இருக்க வேண்டும் என்று உள்ளாட்சிகள் வற்புறுத்தினால், மனையில் இடமில்லாதவர்களின் பிள்ளைகளுக்கும் பழம் கிடைக்கும்.

சென்ற தை மாதத்துப் பழங்களிலிருந்து எடுத்த விதைகளில் 14 கன்றுகள் இப்போது என் திண்ணையோரம் பைகளில் நிற்கின்றன. ஒன்பதை எங்கள் தெருக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். நான்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் ஏரிக்கரைக்கும் போகின்றன. சதுர்த்தி முடிந்த பத்தாம் நாள் மார்க்கெட்டுக்குப் போய், அந்தப் பழக்கார அம்மாவிடம் அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக என் மரத்தைப் பற்றிச் சொன்னேன். பாகாயத்தில் தன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னைகளுக்கு நடுவே இடம் இருப்பதாகச் சொன்னார். பதினான்காவது கன்றை அவருக்கென்று தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.